'இப்படிக் கொடு' ஆசாமியும் ஓர் அடாப்டர் பெட்டியும்

'இப்படிக் கொடு' ஆசாமியை உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. நீங்கள் பாட்டுக்கு ஒரு ஜாடி மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். மூடி அசைந்து கொடுக்கிற நேரம். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீளும். "இப்படிக் கொடு, நான் பாக்குறேன்." தீர்ந்தது. இனி அது உங்கள் ஜாடி இல்லை. குடையோ, கடிகாரமோ, அடுத்த வீட்டுக் குழாயோ, எதுவானாலும் சரி, ஒழுங்காக ஓடுகிற சாமான் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், அது எப்படி ஓடுகிறது என்று கழற்றிப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. கழற்றிப் பார்த்த பிறகு அது ஏன் ஓடவில்லை என்று பார்க்க வேண்டியதாகிவிடும். இரண்டும் ஒரே வேலைதானே என்பார்.

இந்த ரகம் எல்லா நாட்டிலும் முளைக்கும். ஆனால் நியூசிலாந்து மண்ணில் விளைகிற விளைச்சல் தனி. ஆட்டு வேலிக்கு இழுத்துக் கட்டுகிற எட்டாம் நம்பர் கம்பி ஒரு துண்டு கிடைத்தால் போதும், இந்த நாட்டு ஆண்பிள்ளை டிராக்டரை ஓட வைப்பான், படகு கட்டுவான், அவசரத்துக்குப் பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்வான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. யாருக்கு நம்பிக்கை? அந்த ஆண்பிள்ளைக்குத்தான். வேலை தெரிந்த ஆளைக் கூப்பிடுவது என்பது இங்கே குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைக்கிற காரியம்.

இனத்தை அடையாளம் காண்பது சுலபம். பெட்டியோடு வரும் விளக்கத் தாளை அவர் படிக்க மாட்டார், தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைப்பார். வேலை முடிந்ததும் இரண்டு திருகாணி மீதி இருந்தால், "கம்பெனிக்காரன் கூடுதலா போட்டிருக்கான், நல்ல மனசு" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். விளக்கு எரிந்தால் அணைத்துப் பார்ப்பார். அணைந்திருந்தால் தட்டிப் பார்ப்பார். பழைய வேலையைத் திறந்து பார்த்துவிட்டு, "எந்த மடையன் இதை மாட்டினான்?" என்று தலையில் அடித்துக்கொள்வார். மாட்டினது அவரேதான். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அடையாளம் ஒன்று இருக்கிறது. செய்து முடித்த வேலையை அவரால் விட்டுவிட்டுப் போக முடியாது. தெருமுனை வரை போவார், திரும்பி வந்து, "ஓடுதா?" என்பார். ஓடுகிறது என்று நாம் சொல்ல வேண்டும். அவர் சொன்ன மாதிரியே ஓடுகிறது என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகு மறுபடியும் தெருமுனை வரை போவார்.

ரங்கிப்பூனா என்கிற சின்ன ஊரில் இந்த இனத்தின் தலைவர் டெஸ்மண்ட். ஊருக்கு டெஸ். இறைச்சித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்வு பெற்ற பிறகு அங்கே இயந்திரங்கள் நின்றுபோவது குறைந்துவிட்டது என்று பொறாமைக்காரர்கள் சொல்வதுண்டு. அவருடைய மனைவி நைரி கடைவீதியில் மீனும் சிப்ஸும் பொரித்து விற்கிறாள். நைரியின் எண்ணெய்ச் சட்டியில் ஒரு குறை சொல்ல முடியாது. சிப்ஸ் மொறுமொறுவென்று இருக்கும், மீன் வாயில் வைத்தால் கரையும், பீட்ரூட் வைத்த பர்கருக்கு அடுத்த ஊரிலிருந்து வருவார்கள். அவளுக்கு வாய்த்த ஒரே தொல்லை, அன்பாகவும் ஆசையாகவும் இருக்கிற ஒரு புருஷன். அவனுக்குக் கை சும்மா இருக்காது.

இந்த நேரத்தில்தான் அந்தப் பெட்டி வந்தது.

சமாசாரம் இதுதான். ரங்கிப்பூனாவில் யாரும் ரொக்கம் வைத்துக்கொள்வதில்லை. ஒரு சிப்ஸ் பொட்டலத்துக்கும் பாங்க் அட்டைதான், நாலு எண்ணை அழுத்தினால் தீர்ந்தது. கடையில் இருந்த அட்டை மிஷின் பழைய காலத்து மிஷின். டெலிபோன் லைன் வழியாக பாங்கைக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் பணத்தை எடுக்கும். இப்போது டெலிபோன் கம்பெனிக்காரர்கள் பழைய செம்புக் கம்பியை நிறுத்திவிட்டு ஃபைபருக்கு மாறுகிறார்கள். பழைய மிஷினுக்குப் புது லைனின் பாஷை புரியாது. இடையில் நின்று இரண்டுக்கும் பேசிவைக்க ஓர் அடாப்டர் பெட்டி வேண்டும். கை அகலம்தான் இருக்கும், மூன்று விளக்கு, பின்னால் இரண்டு துளை. ஒரு துளையில் அட்டை மிஷின், மற்றதில் கடை டெலிபோன். மாட்டிவிட்டு, விளக்குகள் பச்சையாகும் வரை தொடாமல் இருக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. இதற்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் கர்ஸ்டி என்கிற டெக்னீசியன் பெண் நகரத்திலிருந்து வருவதாக ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை நைரிக்குச் சாதாரண வெள்ளிக்கிழமை இல்லை. ரக்பி கிளப்பின் செயலாளர் ஹெமி, இந்தப் பனிக்காலம் முழுக்க ஆட்டக்காரப் பையன்களின் சாப்பாட்டை ஏதாவது ஒரு கடைக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். தெருவுக்கு எதிர்ப்புறம் புதுக்கடை ஒன்று முளைத்திருந்தது. அந்தக் கடையின் மீன் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். ஆனால் பெயர்ப்பலகை பிரமாதம். இந்த வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் முதல் சாப்பாட்டை நைரியிடம் வாங்கிப் பார்க்கப்போவதாக ஹெமி சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் பனிக்காலத்தில் கடை நிலைத்து நிற்கும். கிடைக்காவிட்டால் எதிர்க்கடைக்காரன் நிற்பான். நைரி இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

காலையிலேயே புருஷனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"டெஸ், பெட்டி கடை மேசை மேல இருக்கு. அது அங்கேயே இருக்கட்டும். கர்ஸ்டி வந்து மாட்டுவா."

"நான் என்ன செஞ்சேன்?"

"இன்னும் ஒண்ணும் செய்யல. அதான் சொல்றேன்."

"சும்மா பாக்கக்கூடக் கூடாதா?"

"பாரு. கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பாரு."

டெஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் பார்த்தார். சத்தியமாகக் கட்டிக்கொண்டுதான் இருந்தார். நைரி மீன் வாங்கத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்தக் கை எப்படி முன்னால் வந்தது என்று அவருக்கே தெரியாது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டிக்கும் முதலில் சங்கைப் பார்க்க மட்டும்தான் ஆசை இருந்திருக்கும்.

பெட்டியைப் பிரித்தார். விளக்கத் தாளை எடுத்தார். கோப்பைக்கு அடியில் வைத்தார். பின்னால் இரண்டு துளை இருப்பதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் காலத்துப் பயல்களுக்குச் சிக்கனம் தெரியுமா? ஒரு துளையில் முடிகிற காரியத்துக்கு ரெண்டு எதற்கு? அவருடைய கொட்டகையில், ஒன்றில் மாட்டினால் இரண்டாகப் பிரிகிற பழைய டெலிபோன் செருகி ஒன்று பல வருடமாகத் தன் வேளைக்குக் காத்துக்கிடந்தது. அதை ஓடிப்போய் எடுத்துவந்து, அட்டை மிஷினையும் டெலிபோனையும் ஒரே துளையில் சொருகினார். மற்ற துளை எதிர்காலத்துக்கு. விளக்கு மஞ்சளாக மினுக்கியது. மினுக்கினால் சும்மா விடலாமா? அணைத்துப் போட்டார். மறுபடி மினுக்கியது. மறுபடி அணைத்துப் போட்டார். இப்படிப் பெட்டிக்கும் அவருக்கும் நெடுநேரம் நடந்த பிடிவாதப் போட்டியில், அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்கப்போன சமயம் பார்த்து அது பச்சையாகிவிட்டது. தன் கைராசிதான் என்று டெஸ் நினைத்துக்கொண்டார்.

கர்ஸ்டி ஆரஞ்சுச் சட்டையும் கருவிப்பையுமாக வாசலில் வந்து நின்றபோது, டெஸ் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"அடாப்டர் மாட்ட வந்திருக்கேன்."

"ஆமா, இல்ல," என்றார் டெஸ். இந்த ஊரில் யார் எதற்கும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இல்லை என்பதுதான் அர்த்தம். "மாட்டியாச்சு கண்ணு. பச்சை விளக்கு பாரு, ஜம்முனு எரியுது."

"யார் மாட்டினாங்க?"

டெஸ் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

"ஒரு தடவை நான் பாத்துடட்டுமா? ரெண்டு நிமிஷம்தான்."

"எதுக்கும்மா உனக்குச் சிரமம்? அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்க. தேநீர் குடி. இஞ்சி பிஸ்கட் இருக்கு."

கர்ஸ்டி தேநீர் குடித்தாள், பிஸ்கட் தின்றாள், போகிற வழியில் இன்னும் இரண்டு வீட்டில் இதே மாதிரி ஆசாமிகள் கதவை மறிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவளாக ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விட்டாள். நைரி மீனோடு வந்து சேர்ந்தபோது, வெள்ளித்தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி டெஸ் அந்தப் பெட்டியைக் காட்டினார்.

"கர்ஸ்டி மாட்டினாளா?"

"கர்ஸ்டி வந்தா," என்றார் டெஸ். இந்த இனத்தார் பொய் சொல்வதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நைரி ஒரு மீன்துண்டுக்கான காசைத் தன் அட்டையிலிருந்தே எடுத்துப் பார்த்தாள். எடுத்தது. ஓடுகிறது. அவளுக்கு உயிர் வந்தது. டெஸ்ஸின் கன்னத்தில் ஒரு முத்தம்கூடக் கொடுத்தாள். டெஸ் உச்சி குளிர்ந்து, பையன்களின் பயிற்சியைப் பார்க்க மைதானத்துக்குக் கிளம்பினார். அங்கே வேலிமேல் சாய்ந்து பயிற்சியாளருக்குப் பந்து எறியக் கற்றுக்கொடுப்பது அவருடைய வெள்ளிக்கிழமை வேலை.

சாயங்காலம் வரிசை வாசலைத் தாண்டியது. வெள்ளிக்கிழமை என்றால் ரங்கிப்பூனாவில் எந்த அடுப்பும் எரியாது. பாதிப் பேர் போனில் ஆர்டர் சொல்லிவிட்டு வருவார்கள், மீதிப் பேர் வந்து நின்று சொல்வார்கள். முதலில் நின்றவர் பாட்ரிக், அறுநூறு மாடு வைத்திருக்கிற பெரிய பண்ணைக்காரர். அட்டையைச் செருகினார், எண்ணை அழுத்தினார். அதே சமயம் கடை டெலிபோன் மணி அடித்தது. நைரி எடுத்தாள்.

"ஓடுதா?" என்றது டெஸ்ஸின் குரல்.

"ஓடுது, டெஸ். வரிசை நிக்குது."

"சொன்னேனே."

அவள் போனை வைத்தாள். அட்டை மிஷின் 'கீ' என்று ஓர் ஓசை எழுப்பிவிட்டு, 'மறுக்கப்பட்டது' என்றது.

அட்டை மறுக்கப்படுவது இந்த ஊரில் லேசுப்பட்ட அவமானம் இல்லை. வரிசை முழுக்க மரியாதையாக மேலே விட்டத்தைப் பார்த்தது. பாட்ரிக்கின் காது சிவந்தது. "போன வாரம்தான் பால் பணம் வந்துச்சு," என்று யாரும் கேட்காமலே சொன்னார். மறுபடி செருகினார். மறுபடி மணி. இந்த முறை யாரோ ஒருத்தி இரண்டு மீனும் ஒரு கரண்டி சிப்ஸும் சொன்னாள். 'மறுக்கப்பட்டது.' மூன்றாவது முறை மணி அடிக்கவில்லை, பணம் போனது. பாட்ரிக் மிட்டாய் கிடைத்த பிள்ளையாக வெளியே ஓடினார்.

அடுத்தவருக்கும் இதே கூத்து. அதற்கு அடுத்தவருக்கும் இதே கூத்து. சிலருக்கு ஓடியது, சிலருக்கு ஓடவில்லை. வரிசையில் ஒரு கிசுகிசுப்பு நகர்ந்தது.

"இதை யார் மாட்டினது?"

"டெஸ்னு கேள்வி."

"ஓ," என்றது வரிசை. அவ்வளவுதான். பக்குவமான ஜனங்கள். ஒருவர் தன் பைகளைத் துழாவி, சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிக்கென்று வைத்திருந்த ஒற்றைக் காசைக் கண்டெடுத்து, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். கடைசியில் நின்ற இரண்டு பேர், எதிர்க்கடையின் பலகையைச் சும்மா படித்துவிட்டு வருவதாகச் சொல்லித் தெருவைத் தாண்டினார்கள். படித்து முடிக்கவேயில்லை போலும், திரும்பி வரவில்லை. நைரி அதைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை முட்டியது. பொரிக்கிற கைக்கு அழ நேரமில்லாததால் அழவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹெமி உள்ளே வந்தார். அகலமான மனிதர், சாந்தமான குரல். பின்னால் சேறு பூசிய பையன்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"வாசனை தூக்குது நைரி," என்றார். "எல்லாம் தயாரா?"

"தயார் ஹெமி. சுடச்சுட இருக்கு."

வெள்ளைத் தாளில் சுற்றிய பொட்டலங்கள் மேசைமேல் மலையாகக் குவிந்திருந்தன. ஹெமி கிளப்பின் அட்டையைச் செருகினார். எண்ணை அழுத்தினார். மணி அடித்தது.

"ஓடுதா?"

'மறுக்கப்பட்டது.'

பையன்கள் எல்லோரும் விட்டத்தைப் பார்த்தார்கள். கிளப்பின் மானம் அல்லவா? ஹெமி அட்டையைச் சட்டையில் துடைத்தார். "இருக்கட்டும், இன்னொரு தடவை பாப்போம்," என்றார். குரல் சாந்தமாகத்தான் இருந்தது. ஆனால் கண் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எதிர்க்கடைப் பக்கம் போய்வந்தது. மணி மறுபடியும் அடித்தது.

நைரி போனைப் பார்த்தாள். மிஷினைப் பார்த்தாள். இத்தனை நேரமும் எந்த மணி அடித்தபோது எந்த அட்டை மறுக்கப்பட்டது என்பது அவள் மனதில் வரிசையாக வந்து நின்றது. மேசைக்கு அடியில் குனிந்தாள். இரண்டு வயர் போய், ஒரு பழைய செருகியில் சேர்ந்து, ஒரே துளைக்குள் நுழைந்திருந்தது. பக்கத்துத் துளை காலியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே வாசலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நுழைந்தால் இடிக்காமல் என்ன செய்யும்? போனில் ஒரு குரல் வரும்போதெல்லாம் மிஷின் பாங்கோடு பேச முடியாமல் வெளியே நின்றிருக்கிறது. பாதி நேரம் வந்த குரல் யாருடையது? ஓடுதா, ஓடுதா என்று கேட்டுக் கேட்டே மனிதர் அதை ஓடவிடாமல் செய்திருக்கிறார்.

"அட கட்டையில போறவனே," என்றாள் நைரி மேசைக்கடியிலிருந்து.

"யாரை?" என்றார் ஹெமி.

"உங்களை இல்ல."

செருகியைப் பிடுங்கி எறிந்தாள். மிஷினை ஒரு துளையில் மாட்டினாள், போனை மற்றதில் மாட்டினாள். விளக்கு மஞ்சளாக மினுக்கியது. மினுக்கட்டும் என்று இரண்டு கையையும் ஏப்ரனுக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். கடை முழுக்க அந்த விளக்கைப் பார்த்தது. ஒரு பையன், "அணைச்சுப் போட்டுப் பாக்கலாமா?" என்று ஆரம்பித்தான், ஹெமி அவன் தோளில் கை வைத்தார். விளக்கு பச்சையானது. ஹெமி அட்டையைச் செருகினார். மணி அடித்தது. அடிக்கட்டும். அது பாட்டுக்கு அடிக்க, இது பாட்டுக்கு 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்றது.

பையன்கள் பொட்டலங்களைப் பிரித்தார்கள். யாரும் பேசவில்லை. நல்ல சாப்பாட்டுக்கு அதுதான் அடையாளம். ஹெமி ஒரு மீன்துண்டை முடித்து விரலைத் துடைத்துக்கொண்டு, "பனிக்காலம் முழுக்க உன் கடைதான் நைரி," என்றார். நைரிக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில் அவருக்கு அன்னாசி வறுவல் ஒன்று கூடுதலாக வைத்தாள்.

போன் எடுக்கப்படவில்லை என்றால் ஏதோ கெட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? டெஸ் கருவிப்பெட்டியோடு மூச்சு வாங்க வந்து நின்றார்.

"என்ன ஆச்சு? ஓடலையா?"

"ஓடுது," என்றாள் நைரி.

"சொன்னேனே. நான் மாட்டினது ஓடாம இருக்குமா?" அவர் மேசைக்கு அடியில் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "யாரு இதை நோண்டினது? ரெண்டு துளையிலயும் மாட்டியிருக்கு. எந்த மடையன்... நகரு, இப்படிக் கொடு, நான் பாக்குறேன்."

வரிசை மூச்சைப் பிடித்துக்கொண்டது. டெஸ் முழங்காலிட்டுக் குனிந்துவிட்டார். கை பெட்டியை நோக்கி நீள்கிறது. திட்டினால் கேட்பாரா? முப்பது வருடம் திட்டிப் பார்த்தவள் நைரி. அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். அலமாரியிலிருந்த டோஸ்டரை எடுத்தாள். நல்ல டோஸ்டர்; வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. அதன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள், மீன் வெட்டுகிற கத்தரிக்கோலால் நடுவில் 'நறுக்' என்று நறுக்கினாள்.

"டெஸ்," என்றாள், தேனாக. "இந்த டோஸ்டர் ஏன்னு தெரியல, சுட மாட்டேங்குது."

டெஸ் எழுந்துவிட்டார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டோஸ்டரை இரண்டு கையாலும் வாங்கினார், திருப்பினார், காதருகே வைத்து ஆட்டினார். "வயர்ல ஏதோ," என்றார். மூலை மேசைக்குப் போனார். வரிசையில் நின்ற ஒருவர், "ஸ்பிரிங்கா இருக்கும்," என்று கூடவே போனார். இன்னொருவர், "வயர் இல்ல, உள்ள தகடு," என்றார். கடைசியில் ஹெமி. அகலமான, சாந்தமான ஹெமி, அன்னாசி வறுவலைப் பாதியில் வைத்துவிட்டு அந்தக் கூட்டத்துக்குள் தோளைக் கொடுத்து நுழைந்து, "இப்படிக் கொடுங்க," என்றார்.

வரிசையில் மிச்சம் நின்றவர்கள் பெண்கள் மட்டும்தான். அவர்கள் அட்டையைச் செருகி, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மறுபடி விட்டத்தைப் பார்த்தபடி வெளியேறினார்கள். மணி அடித்தது, மிஷின் ஓடியது, நைரி பொரித்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நைரி அந்த வயரை நறுக்கின இடம் வந்தபோது, 'அட, இது ஒரு வேலையா? ரெண்டு முனையையும் சீவி, முறுக்கி, டேப் சுத்தினா போச்சு' என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன். போன மாதம் நீங்கள் சமையலறைப் பக்கம் ஏதோ ஒரு நல்ல சாமானை நோக்கிக் கை நீட்டிக்கொண்டு போனபோது, "இதைக் கொஞ்சம் பாருங்களேன், என்னமோ ஓடல," என்று உங்கள் வீட்டில் ஒரு மேசை விசிறியைக் கையில் கொடுத்தார்களே. அதன் வயர் அறுந்திருந்த இடத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். தானாக அறுந்த வயருக்கு முனை அவ்வளவு நேராக இருக்காது.